ஃபுல்சவுண்டும் எங்கள் நடுச்சுவரும்

எங்கள் ரப்பர் தோட்டத்தில் கடவுளுக்கு அடுத்தபடி எல்லார் காதிலும் குடியிருந்தவள் ஃபுல்சவுண்டு ஒருத்திதான். வீட்டில் வைத்த பேர் எனக்கே மறந்துவிட்டது. அவள் டிவி போட்டால் கீழே ரோட்டில் போகும் தெஹியோவிட்ட பஸ்ஸில் இருப்பவர்களுக்கும் கதை தெரியும். வரிசையாக அறைகள் கட்டிய ஒரே லயத்தில் அவளும் நானும் அடுத்தடுத்த காம்பரா. நடுச்சுவர் கூரை வரைக்கும் போகாது. மேலே ஒரு முழம் திறந்து கிடக்கும்.

லயத்தில் முதல் டிஷ் அவள் கூரையில்தான் ஏறியது. எனக்கு வயிறு எரிந்தது. சாயந்தரமானால் பெண்களெல்லாம் அங்கேதான். என்னையும் கூப்பிட்டாள். நாலு பேர் நடுவில் உட்காரக் கூச்சம். அவள் டிவியை வாய் பிளந்து பார்க்க அதைவிடக் கூச்சம். தலைவலி என்றேன். பத்து வருஷம் அதே தலைவலி. நாடகம் தொடங்கும்போது என் ஸ்டூல் மட்டும் சுவரோரம் போய்விடும்.

மழை பெய்தால் டிஷ்ஷில் படம் நின்றுவிடும். எங்கள் பக்கம் மழை பெய்யாத நாள் ஏது? மிச்சக் கதையை ஃபுல்சவுண்டே சொல்லுவாள், மாமியார் குரலிலும் மருமகள் குரலிலும் மாறி மாறி. ஒரு மழைக்கு வில்லியை லாரியில் அடித்துக் கொன்றுவிட்டாள். மறுநாள் டிவியில் வில்லி குரல் கேட்டதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

மழைத் தொல்லை தாங்காமல் கேபிள் கேட்டுப் பார்த்தாள். வயர் பஜாரோடு சரி, மலை ஏறாது என்றார்கள். கொழும்பில் வேலை செய்யும் அவள் மகன், டிஷ்ஷை நிறுத்திவிட்டு, கையில் வைத்துப் படம் பார்க்கிற ஒரு டெப்பை இன்டர்நெட்டோடு கொண்டுவந்து கொடுத்தான். இன்டர்நெட்டும் வந்துவிட்டதா இவளுக்கு என்று நான் மறுபடியும் எரிந்தேன்.

அன்று சாயந்தரம் ஸ்டூலில் உட்கார்ந்தால், ஒன்றும் கேட்கவில்லை. அந்தச் சின்ன டெப்பின் சத்தம் சுவர் ஏறவில்லை. கதாநாயகி கழுத்தில் தாலி ஏறப்போகிற சமயம். யாரிடம் கேட்பது? பத்து வருஷத் தலைவலிக்காரி ஆயிற்றே நான்.

அந்தப் பக்கம் டங் டங்கென்று பாத்திரம் உருண்டது. டெப்பை அலுமினியச் சட்டிக்குள் வைத்தால் சத்தம் கூடுமா என்று பார்க்கிறாளாம். மறுநாள் பார்த்தால் சட்டி சுவருக்கு மேலேயே உட்கார்ந்திருந்தது, வாய் என் பக்கம். பவுசு காட்டுகிறாள் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அப்படியும் கொசு பாடுவது போலத்தான் கேட்டது.

சனிக்கிழமை மகன் வந்தான். நான் ஸ்டூலில் இருந்தேன்.

“இது மழைக்கும் நிக்காதும்மா. ஒனக்கு வேற என்னதான் வேணும்?”

“டிஷ்ஷையே போட்டுக் குடுடா. இதுல சத்தம் செவரு தாண்ட மாட்டேங்குது. பக்கத்துக் காம்பரா அக்கா எப்படிக் கேக்கும்? கூப்புட்டாலும் வெக்கப்பட்டுக்கிட்டு வராது. ஒரு வாரமா ஸ்டூல இழுக்குற சத்தம் கேக்குது. பாவமா இருக்குடா.”

எழுந்து ஓடலாம் என்றால், ஸ்டூல் சத்தம் போடும். அப்படியே இருந்தேன்.

திங்கட்கிழமை டிஷ் திரும்பி வந்தது. ஃபுல் சவுண்டு.

போன வருஷம் மகன் அவளைக் கொழும்புக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டான். டிவியும் டிஷ்ஷும் இப்போது என் காம்பராவில். ஸ்டூலைச் சுவரோரத்திலிருந்து நகர்த்தவில்லை. மழை வந்து படம் நிற்கும்போது, கொழும்பில் அவளுக்கு அடுத்த வீட்டில் இருப்பவர்களை நினைத்தால்தான் எனக்குப் பொறாமையாக இருக்கிறது.