ஆறரை மார்க் ஆவுடைநாயகம்

மனிதர்களில் ஒரு வகை உண்டு. அடுத்தவர் வாயைத் திறந்து ஆங்கிலத்தில் ஒரு வார்த்தை சொன்ன மாத்திரத்தில் தலையைச் சற்றே சாய்த்து, கண்ணைப் பாதி மூடி, கல் கடித்த மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, மனசுக்குள் மார்க் போடுகிற வகை. இவர்களை யாரும் நியமிக்கவில்லை. சம்பளம் கிடையாது, விடுமுறை கிடையாது, ஓய்வு பெறும் வயதும் கிடையாது. நாடு முழுக்க இருக்கிறார்கள் என்றாலும், தடுக்கி விழுந்தால் ஒரு பள்ளிக்கூடம், எழுந்து நடந்தால் ஒரு கல்லூரி என்றிருக்கிற எங்கள் பாளையங்கோட்டையில் இவர்களுக்குத் தனிச் செழிப்பு. உங்கள் தெருவிலும் ஒருவர் இருப்பார். இல்லை என்கிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள்.

எங்கள் தெருவுக்கு வாய்த்தவர் ஆவுடைநாயகம் அண்ணாச்சி. அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். முப்பத்தாறு வருஷம் மற்றவர்கள் எழுதிய வரைவுகளைத் திருத்தியவர். சொந்தமாக ஒரு வரைவுகூட எழுதியதில்லை. பத்துக்கு இத்தனை என்று மார்க் போடுவார். ஆறரைக்கு மேல் யாருக்கும் போட்டதில்லை. "ஏழு போட்டா மண்டைக்கனம் வந்துரும்வே" என்பது அவர் கட்சி. கிறிஸ்தவர் வீட்டுக் கல்யாணம் என்றால் முதல் வரிசையில் போய் உட்கார்ந்து ஆங்கிலப் பிரசங்கத்துக்கு மார்க் போட்டுவிட்டுத்தான் மணமக்கள் முகத்தையே பார்ப்பார். செல்போனில் வழி சொல்கிற அம்மாள் இருக்கிறாளே, அவளுக்கு ஐந்தரை. அதுவும், இடது பக்கம் திரும்பச் சொல்லும்போது குரலில் பணிவு இருக்கிறது என்பதற்காக.

சாதாரண ஆங்கிலம் அவருக்கு ஆகாது. "பேசிக் எல்லாம் எவனும் பேசிருவான். அட்வான்ஸ்டுல நிக்கணும்" என்பார். போன வருஷம் சிவகணேஷ் என்ற பையன் கங்கைகொண்டானில் ஒரு தொழிற்சாலை நேர்காணலுக்கு, தேய்த்த சட்டையும் நெற்றியில் திருநீறுமாக பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தான். அண்ணாச்சி பார்த்துவிட்டார்.

"ஏலே, இன்டர்வியூக்கா போற? நில்லு. நான் ஒண்ணு கேக்குதேன்."

கேட்டார். ஆங்கிலத்தில். தமிழில் சொன்னால், 'அபிப்பிராயம் என்பதைப் பற்றி உன் அபிப்பிராயம் என்ன?' பையன் யோசித்தான். ஒரு பஸ் போயிற்று. இன்னும் யோசித்தான். இரண்டாவது பஸ்ஸும் போயிற்று. மூன்றாவது பஸ்ஸில் போய்ச் சேர்ந்தபோது நேர்காணல் முடிந்து நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்களாம். அண்ணாச்சியிடம் இதைச் சொன்னபோது அவர் வருத்தப்பட்டார். "பயலுக்கு வேகம் பத்தல. நாலரை" என்றார்.

இதற்கெல்லாம் அடியில் ஒரு ரகசியம் இருக்கிறது. எங்கள் தெருவில் முப்பது வருஷமாக யாரும் கவனிக்காத ரகசியம். அண்ணாச்சி ஆங்கிலத்தில் கேள்வி கேட்டுத்தான் நாங்கள் கேட்டிருக்கிறோமே ஒழிய, ஒரு கேள்விக்காவது பதில் சொல்லிக் கேட்டதில்லை. கேட்கிறவன் எதற்குப் பதில் சொல்ல வேண்டும்? ஒருமுறை ஒரு வெளிநாட்டுத் தம்பதி காரை நிறுத்தி, கொற்கைக்கு எப்படிப் போவது என்று விசாரித்தார்கள். அண்ணாச்சி நிதானமாகக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, "வாட் டு யூ மீன் பை கொற்கை?" என்றார். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தப் பெண்மணி அதை ஒரு நோட்டில் எழுதிக்கொண்டாள். பிறகு கும்பிட்டுவிட்டு வந்த வழியே போய்விட்டார்கள்.

இப்படி நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில்தான் எப்சி வந்தாள்.

எப்சி அண்ணாச்சிக்கு அடுத்த வீட்டுப் பெண். தாயார் பாக்கியவதி டீச்சர். எப்சி ஏழு வருஷமாக நர்ஸ். அயர்லாந்தில் ஓர் ஆஸ்பத்திரி அவளுக்கு வேலை தருவதாக எழுதியிருந்தது, ஆங்கிலத் தேர்வில் தேறினால். நர்சுகளுக்கென்றே நடத்துகிற தேர்வு அது. கேட்பது, படிப்பது, எழுதுவது எல்லாவற்றிலும் அவள் தேறிவிடுவாள். பேச்சில் மட்டும் முந்நூற்றைம்பது வேண்டிய இடத்தில் மூன்று தடவையும் முந்நூற்றுமுப்பது, முந்நூற்றுநாற்பது, மறுபடி முந்நூற்றுமுப்பது. நாலாவது தேர்வுக்குப் பத்து நாள் இருந்தது. இதிலும் வராவிட்டால் அந்த வேலை இன்னொருத்திக்கு என்று கடிதம் வந்துவிட்டது.

ஆங்கிலம் தெரியாமல் இல்லை. வார்டில் மலையாளத்து டாக்டரிடமும் வடக்கத்தி டாக்டரிடமும் தண்ணீராகப் பேசுகிறவள்தான். ஆனால் தேர்வறையில் ஒருவர் எதிரே வந்து உட்கார்ந்து முகத்தைப் பார்த்துவிட்டால் போதும், நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். ஏன் ஒட்டாது? எட்டு வயசில் பால் பாக்கெட் வாங்கப் போன பிள்ளையைத் தெருவில் நிறுத்தி, "பால் எதுக்குன்னு இங்கிலீஷ்ல சொல்லு, அஞ்சு வாக்கியம்" என்று கேட்டு, அவள் மூன்றாவது வாக்கியத்தில் அழுததும் "மூணு" என்று மார்க் போட்டவர் யார் என்று நினைக்கிறீர்கள்? அண்ணாச்சி மேல் எனக்கு நிஜமான கோபம் ஒன்று உண்டென்றால் அது இந்த விஷயத்தில்தான்.

அப்படிப்பட்டவரிடமே மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார் பாக்கியவதி டீச்சர். "மாமாகிட்ட நாலு நாள் உக்காருளா. அதுக்கப்புறம் உலகத்துல எந்தப் பரிட்சையும் பயமா இருக்காது" என்பது டீச்சரின் கணக்கு. அண்ணாச்சி பூரித்துப் போனார். முன்னறையில் மேஜை, இரண்டு நாற்காலி, வெள்ளைத்தாள், சிவப்புப் பேனா. நேரம் பார்க்க நான். உள்ளே நுழைந்தால் தமிழ் பேசக் கூடாது, பேசினால் ஒரு மார்க் கழிவு என்று சட்டம் வேறு. பிறகுதான் எப்சி, ஒரு மார்க் போனால் போகட்டும் என்று தமிழிலேயே தேர்வின் முறையை விளக்கினாள். பேச்சுப் பகுதி ஒரு நாடகம். எதிரே இருப்பவர் நோயாளியாக நடிப்பார். எப்சி நர்சாக இருந்து விசாரிக்க வேண்டும், ஆறுதல் சொல்ல வேண்டும், சிகிச்சைக்குச் சம்மதிக்க வைக்க வேண்டும்.

"மார்க்?" என்றார் அண்ணாச்சி.

"அவங்க போட மாட்டாங்க மாமா. பேசுனத ரெக்கார்ட் பண்ணி அனுப்பிருவாங்க. வேற யாரோ கேட்டுப் போடுவாங்க."

அண்ணாச்சிக்கு இது ஜீரணமாகவில்லை. "மார்க் போடாதவன் என்னத்துக்குவே எதிர்ல வந்து உக்காருதான்?" என்று என்னைக் கேட்டார். தமிழில்தான். சட்டம் போட்டவருக்குச் சட்டம் செல்லாது.

"நோயாளியா இருக்கத்தான் மாமா. நான் கேப்பேன், நீங்க பதில் சொல்லணும்."

அண்ணாச்சி சிவப்புப் பேனாவை மூடினார், திறந்தார், மூடினார்.

முதல் நாள், எங்கே வலிக்கிறது என்று எப்சி ஆங்கிலத்தில் கேட்டாள். "வொய் டு யூ ஆஸ்க்?" என்றார் நோயாளி. எப்போதிலிருந்து வலி என்று கேட்டாள். வலி எத்தனை வகைப்படும் என்று திருப்பிக் கேட்டார். இரவில் தூங்க முடிகிறதா என்றாள். தூக்கம் பற்றி அவளுடைய அபிப்பிராயத்தைக் கேட்டார். ஐந்து நிமிஷம் முடிந்தபோது எப்சியின் நெற்றியெல்லாம் வேர்வை. நோயாளி ஆரோக்கியமாக இருந்தார். நர்சுக்குத்தான் நாடி படபடத்தது. இரண்டாம் நாள் அவள் வாயைத் திறக்கவே இல்லை. மூன்றாம் நாள் வாசலோடு நின்று, இனிமேல் வரமாட்டேன் என்றாள். டீச்சர் கையைப் பிடித்து உள்ளே தள்ளினார்.

நாலாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. அண்ணாச்சி மத்தியானம் ஒரு மறுவீட்டு விருந்துக்குப் போய், சொதியை மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டிருந்தார். அந்தத் தேங்காய்ப்பால் குழம்புக்குத் துணையாக இஞ்சித் துவையல் எதற்கு வைக்கிறார்கள் என்று திருநெல்வேலியில் பிறந்த எவருக்கும் தெரியும். அண்ணாச்சி அதைத் தொடவே இல்லையாம். பரிமாறிய பையனின் ஆங்கிலத்தைச் சோதிப்பதில் மும்முரமாக இருந்திருக்கிறார்.

யார் எப்படி நடிக்க வேண்டும் என்று எழுதிய மாதிரிச் சீட்டுகள் எப்சியிடம் இருந்தன. அன்றைக்கு எடுத்த சீட்டில் இப்படி இருந்தது: நோயாளிக்கு நெஞ்சு வலி, பரிசோதனைக்கு வர மறுக்கிறார், நர்ஸ் சம்மதிக்க வைக்க வேண்டும். நான் கடிகாரத்தைப் பார்த்து, ஆரம்பிக்கலாம் என்றேன். எப்சி மென்று விழுங்கிக்கொண்டிருந்தாள். இரண்டாவது நிமிஷம் அண்ணாச்சி நெஞ்சில் கையை வைத்தார். முகம் வெளுத்தது. மேலுதட்டில் முத்து முத்தாக வேர்த்தது. அடடா, இன்றைக்குத்தான் மனுஷன் ஒழுங்காக நடிக்கிறார் என்று நினைத்தேன். காப்பி கொண்டு வந்த அவர் மனைவி சொர்ணாம்பாள் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"ஏங்க, என்ன செய்யுது? இவ்வளவு நல்லா நடிக்க உங்களுக்கு வராதே?"

அண்ணாச்சி வாயைத் திறந்தார். நெஞ்சு அடைக்கிற அந்த நேரத்திலும் அவர் வாயிலிருந்து வந்தது ஒரு கேள்விதான்: "வாட் இஸ் திஸ்?"

எப்சி எழுந்தாள். மேஜையைச் சுற்றி வந்து அவர் மணிக்கட்டைப் பிடித்தாள். அவ்வளவுதான். அதுவரை நான் பார்த்த எப்சி வேறு, இவள் வேறு. அந்த அறைக்குள் ஆங்கிலம்தான் என்று நாலு நாளாகப் பழகியதாலோ என்னவோ, அவள் பேசியதும் ஆங்கிலத்திலேயே வந்தது, அவளுக்கே தெரியாமல். பயப்படாதீர்கள், நான் பக்கத்தில்தான் இருக்கிறேன் என்றாள். கைக்குப் பரவுகிறதா, முதுகுக்குப் போகிறதா, மூச்சு எப்படி இருக்கிறது, என்ன சாப்பிட்டீர்கள் என்று ஒன்றன்பின் ஒன்றாக, அவசரமில்லாமல், குழந்தைக்குச் சட்டை போட்டுவிடுகிற பக்குவத்தில் கேட்டாள். சட்டைப் பொத்தானைத் தளர்த்தினாள். என்னைப் பார்த்து ஆட்டோ என்றாள். அவள் குரல்தான் என்னைத் தள்ளிக்கொண்டு போயிற்று.

"ஏளா எப்சி" என்றார் அண்ணாச்சி, சட்டத்தையெல்லாம் விட்டு. "நெசத்துக்கே வலிக்குளா. ஆஸ்பத்திரிக்கு வேண்டாம், எனக்குப் பயமா இருக்கு."

சீட்டில் இருந்ததும் அதுதான். நோயாளி மறுக்கிறார். எப்சி அவர் முன்னால் குந்தி உட்கார்ந்து, பயப்படுவது நியாயம்தான் என்றும், பயத்தோடு வீட்டில் இருப்பதைவிடப் பரிசோதித்துவிட்டு நிம்மதியாக இருப்பது நல்லது என்றும் பைய எடுத்துச் சொன்னாள். அவர் குழந்தையாகத் தலையாட்டிவிட்டு எழுந்தார்.

எங்கள் ஊர் ஹைகிரவுண்டு பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றில் பணியிலிருந்த இளம் டாக்டரிடம் வயது, வலி ஆரம்பித்த நேரம், நாடித்துடிப்பு, சொதி உட்பட எல்லாவற்றையும் ஒரே மூச்சில் ஆங்கிலத்தில் ஒப்படைத்தாள். டாக்டர் குறித்துக்கொண்டே, நீங்கள் எங்கே வேலை பார்க்கிறீர்கள் என்று மரியாதையாகக் கேட்டார். படுத்திருந்த அண்ணாச்சி மெல்ல வலது கையைத் தூக்கினார். மார்க் போடத்தான். சொர்ணாம்பாள் அந்தக் கையை அமுக்கிப் பிடித்து, "அசையாம கெடங்க" என்றார். ஈ.சி.ஜி. சுத்தமாக இருந்தது. வாயுதான். இஞ்சித் துவையல் வைப்பது இதற்காகத்தான். ஊசி ஒன்று, மாத்திரை நாலு.

எப்சி சென்னைக்குப் போய் நாலாவது தேர்வை எழுதிவிட்டு வந்தாள். சரியாகப் பதினேழாம் நாள் முடிவு வந்தது. கையில் இனிப்பு டப்பாவோடு முதலில் அண்ணாச்சி வீட்டுக்குத்தான் போனாள்.

"எதிர்ல ஒரு அம்மா வந்து உக்காந்தாங்க மாமா. வழக்கம்போல நாக்கு ஒட்டிக்கிச்சு. அப்ப உங்க மூஞ்சி ஞாபகம் வந்துச்சு. சட்டைப் பொத்தான் தெறந்து, வேர்த்துப் போயி, பயந்துக்கிட்டு... பாவமா இருந்துச்சு. அதுக்கப்புறம் பேச்சு தானா வந்துச்சு."

அண்ணாச்சி கண் கலங்கினாரென்று சொர்ணாம்பாள் சத்தியம் செய்கிறார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, "அந்த அம்மா இங்கிலீஷ் எப்படிளா?" என்று கேட்டார். மறுநாளிலிருந்து, தன் பயிற்சியில்தான் எப்சி தேறினாள் என்று ஊரெல்லாம் சொல்லிவருகிறார். அது பொய்யில்லை என்பதுதான் எங்களுக்கெல்லாம் பெரிய சங்கடம்.

திருந்தாத ஜென்மம் என்று நீங்கள் சிரிப்பது கேட்கிறது. நானும் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன், எப்சி அடுத்தபடியாக எங்கள் வீட்டுக்கு வந்து டப்பாவை நீட்டுகிற வரைக்கும்.

"பேச்சுல முந்நூத்தி எண்பது" என்றாள் முகமெல்லாம் மலர்ந்து.

நாலு தடவை எழுதி, பத்து நாள் நடுங்கி, ஒரு மனுஷனை நெஞ்சைப் பிடித்தபடி ஆட்டோவில் ஏற்றி, கடைசியில் ஜெயித்து வந்து நிற்கிறாள். நான் இனிப்பை வாயில் போட்டுக்கொண்டு கேட்டேன்:

"எத்தனைக்கு?"

அவள் சொல்லிவிட்டுப் போனாள். போய் வெகுநேரம் கழித்துத்தான், அந்தப் பெண்ணுக்கு வாழ்த்து ஒன்று சொல்லவில்லையே என்று எனக்கு உறைத்தது. எத்தனைக்கு என்று உங்களுக்கும் இப்போது கேட்கத் தோன்றியதுதானே? சொல்கிறேன். ஆனால் நீங்களும் அவளுக்கு இன்னும் வாழ்த்துச் சொல்லவில்லை.