கொப்பரையில் காய்ச்சிய பிளாஸ்டிக்

ஒரு காரியத்தை முடித்தே தீருவது என்று நான் இறங்கிவிட்டால், அக்கம்பக்கத்தார் தங்கள் பாத்திரங்களை உள்ளே எடுத்து வைத்துக்கொள்வது நல்லது. இதை நானே ஒப்புக்கொள்ள நாற்பது வருடம் ஆகியிருக்கிறது.

எண்பதுகளின் தொடக்கத்தில் வெண்ணந்தூரிலிருந்து ஜேடர்பாளையத்துப் பக்கம் ஒரு கரும்புக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டேன். வந்ததும் என் இடுப்பில் ஏறியது ஒரு பித்தளைக் குடம். (கணவரும் வாய்த்தார், அவர் அவ்வளவு கனமில்லை.) வாய்க்காலுக்கு ஒரு நாளைக்கு எட்டு நடை. பக்கத்துத் தோட்டத்து மருமகள் மட்டும் நீல நிறப் பிளாஸ்டிக் குடத்தைக் கையில் வீசிக்கொண்டு போவாள். எனக்கும் அது வேண்டும் என்றேன். பித்தளை இருக்கும் வீட்டில் பிளாஸ்டிக்குக்குக் காசு கொடுப்பதா என்று மாமியார் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

காசு இல்லாமலே வாங்கிக் காட்டுகிறேன் என்று முடிவு செய்தேன். பழைய பிளாஸ்டிக்கை எடைக்கு எடுத்துக்கொண்டு புதுக் குடம் தரும் சைக்கிள்காரர் ஒருவர் வாரா வாரம் வருவார். அவரை நம்பி ஒரு வருடம் சேர்த்தேன். ஓட்டை வாளி, பல் போன சீப்பு, சோப்பு டப்பா, எண்ணெய் கேன், பிய்ந்த செருப்பு. (கணவரின் செருப்பு பிய்வதற்கு நானும் கொஞ்சம் உதவினேன்.) மூன்று சாக்கு நிறைந்தது.

சைக்கிள்காரர் தராசையே எடுக்கவில்லை.

"ஏனுங்க அம்மிணி, சாக்கு பூராங் காத்தா இருக்குதுங்க. இதையெல்லாங் கட்டுனா நான் எங்க உக்கார்றது? கொஞ்சம் சின்னதாக்கி வைங்க, அடுத்த வாரம் வாரேன்."

சின்னதாக்குவது எங்கள் குடும்பத்துக்குப் புதிதா என்ன? ஒரு வண்டிக் கரும்பைச் சாறாக்கி, கொப்பரையில் காய்ச்சி, கூடையில் அடங்கும் வெல்லமாக்குகிறவர்கள் நாங்கள். கரும்புக்கு முடிந்தது வாளிக்கு முடியாதா?

அந்தப் பெரிய இரும்புக் கொப்பரை மாமனாருக்கும் அவருடைய அண்ணனான பெரிய மாமனாருக்கும் பொது. முறை வைத்துக் காய்ச்சுவார்கள். அன்று எங்கள் முறை முடிந்து, மாமனாரும் கணவரும் பக்கத்திலிருக்கும் வேலூர்ச் சந்தைக்கு வெல்லம் ஏற்றிப் போயிருந்தார்கள். பெரிய மாமனார் தன் முறைக்குக் கரும்பை வெட்டி ஆலைக் கொட்டாயடியில் இறக்கிவிட்டுச் சாப்பிடப் போயிருந்தார். அடுப்பில் தணல் இருந்தது. சக்கையை அள்ளிப் போட்டு, மூன்று சாக்கையும் கொப்பரையில் கவிழ்த்தேன்.

பாகு வரும் என்று துடுப்புப் போட்டுக் கிண்டினேன். வாளி உருகியது. சீப்பு எரிந்தது. சோப்பு டப்பா எதற்கும் மசியவில்லை. புகை பனைமர உயரத்துக்குக் கரும்பாம்பாக எழும்பியது. கொட்டாய் பற்றிக்கொண்டது என்று ஊரே தண்ணீர்க் குடங்களோடு ஓடி வந்தது. (அந்த நீலக் குடமும் வந்தது.)

பெரிய மாமனார் சோற்றுக் கையோடு எட்டிப் பார்த்தார்.

"என்ன சாமி காய்ச்சற?"

"பிளாஸ்டிக்குங்க மாமா."

அவர் வெட்டிப் போட்ட கரும்பின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். "இது நாளைக்கு வரைக்குந் தாங்காது. புளிச்சுப் போனாப் பாகு கட்டாது," என்றார். அவ்வளவுதான். திட்டியிருந்தால் அழுதுவிட்டு ஓடியிருப்பேன். ஒரு வருடப் பாடு அவர் காலடியில் காய்ந்துகொண்டிருந்தது.

இன்றைக்கே சுத்தம் செய்து தருகிறேன் என்று சொல்லிவிட்டு, அடுப்பை இழுத்து அணைத்து, கொப்பரை ஆறியதும் உளியோடு உள்ளே குதித்தேன். பிளாஸ்டிக் இரும்போடு கல்யாணம் செய்துகொண்ட மாதிரி ஒட்டியிருந்தது. மாமியார் கொஞ்ச நேரம் வெளியே நின்று பார்த்தார். பிறகு சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அவரும் இறங்கினார்.

"தள்ளு அம்மிணி. நீ சொரண்டறதுல கொப்பரை ஓட்டையாயிரும்."

இரண்டு பேரும் ஓரத்திலிருந்து நெம்பி நெம்பி வந்ததில், வெயில் சாயும் நேரம் வண்டிச் சக்கரம் அகலத்துக்கு ஒரே வில்லையாகப் பெயர்ந்தது. மணலும் புளியும் போட்டுத் தேய்த்தோம். பொழுது இறங்குவதற்குள் பெரிய மாமனாரின் சாறு கொப்பரையில் விழுந்தது. வெல்லம் பொன் நிறத்தில் வந்தது. நான் ஜெயித்துவிட்டேன் என்றே நினைத்தேன்.

சந்தையில் வியாபாரி ஒரு உருண்டையை மூக்கருகில் கொண்டுபோய், கூடையில் திரும்ப வைத்தாராம். பெரிய மாமனார் அத்தனை வெல்லத்தையும் திருப்பி ஏற்றிக்கொண்டு வந்தார். "விக்காட்டிப் போச்சாது, ஊட்டுக்கு வெல்லம் வேண்டாமா?" என்று எல்லாப் பங்காளி வீடுகளுக்கும் பிரித்துக் கொடுத்தார். அந்த வில்லையைப் பார்த்த சைக்கிள்காரரோ, "எல்லாம் ஒண்ணாக் கலந்து போச்சுங்களே, இதை எவனுந் தொடமாட்டானுங்க," என்று சைக்கிளை மிதித்துவிட்டார். அடுத்த சந்தையில் மாமனாரே ஒரு நீலக் குடத்தை வாங்கி வந்து என் முன்னால் வைத்தார். "இனிக் கொப்பரைப் பக்கம் வராத சாமி," என்றார்.

அந்த வருடம் பொங்கலுக்கு எங்கள் பங்காளி வீடு அத்தனையிலும் ரப்பர் செருப்பு வாசம். ஒருவர்கூட முகம் சுளிக்கவில்லை. பெரிய மாமனார் இரண்டாவது முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். நான்தான் இலையைப் பார்த்தபடி அழுதேன்.

சாமிக்குப் படைப்பதை முன்னாலேயே மோந்து பார்ப்பது பெரிய குற்றம். ஊரெல்லாம் அப்படித்தான். எங்கள் வீட்டில் மட்டும் இன்றுவரை பொங்கல் பொங்கியதும் பேரன் பேத்திவரை வரிசையாக நின்றுகொண்டு, பானையை முதலில் என் மூக்குக்குத்தான் நீட்டுகிறார்கள். நான் மோந்து பார்த்துத் தலையாட்டிய பிறகுதான் சூரியனுக்கே காட்டுகிறார்கள்.