காத்திருப்பு அறையில் ஓர் எறும்பு

அழ வந்த இடத்தில் அண்ணன் தம்பிகள் மூவரும் ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்துக்கொண்டு நின்றார்கள். உள்ளே, இறுதிச் சடங்கு நிலையத்தின் குளிரறையில், அவர்களைப் பெற்றவர் யாருக்கும் இடைஞ்சல் இல்லாமல் படுத்திருந்தார். சண்டையை மூட்டியது, காத்திருப்பு அறைச் சுவரில் நிலைய மேலாளர் முந்தைய நாள் மாட்டிய படம்.

கம்பியில் மூன்று குருவிகள் உட்கார்ந்திருந்தன. நான்காவது பறந்து போய்க்கொண்டிருந்தது.

“அப்பா சாவுக்குக்கூட வராம வெளிநாட்டுல கிடக்கானே, அவனச் சொல்லிக் காட்டுறீங்களா?” என்று மூத்தவர் மேலாளரிடம் சீறினார்.

“அவன விரட்டினதே நீதானே!” என்றார் அடுத்தவர்.

“ஐயா, அது வெறும் குருவி,” என்றார் மேலாளர்.

“குருவிக்குக்கூடத் தெரிஞ்சிருக்கு!” என்று கடைசித் தம்பி ஓவென்று அழத் தொடங்கினார்.

மாலையில் முதலாளி மேலாளரைக் கூப்பிட்டனுப்பினார். “பழைய அருவிப் படம் இருந்த வரைக்கும் யாராவது வாயத் திறந்தாங்களா?”

“அத யாரும் பார்த்ததே இல்லையே, முதலாளி.”

“பார்க்காம இருக்கத்தான்யா அத மாட்டினது!”

அந்த அருவி வெளுத்துப்போனதால்தான் வினை வந்தது. புதியது வாங்கலாம் என்று மதிய இடைவேளையில் கைபேசியைத் துழாவிய மேலாளருக்கு, இந்தக் காலத்தில் இத்தனை பேர் இவ்வளவு அருமையாகப் படம் வரைகிறார்கள் என்பதே அப்போதுதான் தெரிந்தது. ஒருவர் மழையை மட்டுமே வரைந்தார். இன்னொருவர் ஒரே சன்னலுக்குள் ஊரையே அடக்கினார். சாப்பாடு ஆறிப்போயிற்று. கடைசியாகக் கண்ணில் பட்டவர் பெயரே போடாதவர். கையெழுத்து இருக்க வேண்டிய மூலையில் ஓர் எறும்பு மட்டும் இருந்தது. நாள் முழுவதும் சாவைப் பார்த்தும் கலங்காத மேலாளர், அந்த எறும்பு வரைந்த மஞ்சள் வெயிலைக் கண்டு மூக்கைச் சிந்தினார்.

அவர் வரைந்த படங்களின் அச்சுப் படிகளை வரவழைத்தார். அவருக்கு நெஞ்சுருகிப் பாராட்டும் எழுதினார். ‘நன்றி’ என்று பதில் வந்தது.

“ஒத்த வார்த்தைக்கா இந்தக் குதி குதிக்கிறீங்க?” என்றாள் மனைவி.

“எறும்போட அளவுக்கு அது ரொம்ப நீளமான பதில்டி.”

குருவிச் சண்டைக்கு மறுநாள், உயிருள்ளவற்றை மாட்டியதுதான் பிழை என்று முடிவு செய்து, குருவிகளை இறக்கிவிட்டுச் செருப்புப் படத்தை மாட்டினார். சாத்திய கதவின் முன்னே ஒரு சோடிச் செருப்பு.

அன்று வந்த குடும்பத்துப் பெரியம்மா படத்தைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். “ஐயையோ, மாமாவ வெறுங்கால்ல கொண்டாந்துட்டோமே!”

செருப்பு எடுக்க ஆள் ஓடியது. வந்த செருப்பு வேறு யாருடையதோ. மறுபடியும் ஆள் ஓடியது. வாசலில் அடுத்தடுத்த வண்டிகள் வரிசைகட்டின. வண்டிக்குள் படுத்திருந்தவர்களைத் தவிர மற்ற எல்லாரும் பொறுமை இழந்தார்கள்.

“நாளைக்குச் சுவத்துல ஆணி மட்டும்தான் இருக்கணும். படம் இருந்தா நீங்க இருக்க மாட்டீங்க,” என்றார் முதலாளி.

சாவு வீட்டாரிடமே பெயர் கெட்டவரை வேறு யார் வேலைக்கு வைத்துக்கொள்வார்கள்? மேலாளருக்கும் அது தெரியும். ஆனாலும் வரவழைத்த படங்களில் இன்னும் ஒன்று பிரிக்கப்படாமல் இருந்தது. வெறும் நாற்காலி, அதன்மேல் மாலை வெயில். யாருமே இல்லாத படத்தில் யார் குறை காண்பார்கள்? மாட்டிவிட்டார்.

மறுநாள் காலை, தந்தையைப் பறிகொடுத்த ஒரு பெண் தம்பியோடு வந்தாள். தம்பி மூலையில் குனிந்து உட்கார்ந்தான். அவள் சுவரைப் பார்த்தாள், உடனே திரும்பிக்கொண்டாள்.

“அதக் கழட்டுங்க.”

“ஏம்மா, நல்ல படம்மா.”

“நல்ல படமா? வரைஞ்ச ஆளுக்கு ஒரு மண்ணும் தெரியல. வீட்டுல ஒரு நாற்காலி காலியாக் கிடந்தா, அதுமேல இப்படி வெயில் அடிக்குமா?”

துக்க வீட்டாரை எதிர்த்து ஒரு சொல்லும் பேசியறியாத மேலாளருக்குச் சுருக்கென்றது.

“என்னை என்ன வேணாலும் சொல்லுங்கம்மா, வாங்கிக்கிறேன். அவங்கள ஒண்ணும் சொல்லாதீங்க. துக்கம் தெரியாதவங்களால இந்த வெயில வரைய முடியுமா?”

“முடியும். பொழுது போகாம உட்கார்ந்து வரையலாம்.”

“படத்தப் பத்தி உங்களுக்கு என்ன தெரியும்?”

இந்தச் சத்தத்துக்கு முதலாளி வெளியே வந்துவிட்டார். “கழட்டுய்யா! இல்லன்னா சாவிக்கொத்த வெச்சுட்டுக் கிளம்பு!”

மேலாளர் படத்தைப் பார்த்தார். மூலையில் இருந்த எறும்பைப் பார்த்தார். பிறகு இடுப்பிலிருந்த சாவிக்கொத்தை அவிழ்த்து மேசைமேல் வைத்தார். “கழட்ட மாட்டேன், முதலாளி. முகம் தெரியாத அந்த மகராசிக்கோ மகராசனுக்கோ என்னால ஆன மரியாதை இது.”

அந்தப் பெண் முகத்தைப் பொத்திக்கொண்டாள். மூலையிலிருந்த தம்பி தலை நிமிர்ந்தான்.

“அக்கா வரைஞ்ச படத்த அக்காவே கழட்டச் சொன்னாக்கூடக் கழட்ட மாட்டீங்களா, சார்?”