குட்டை மீன்

மீன் வளரவில்லை. தீனி மட்டும் தீர்ந்துகொண்டே இருந்தது. நாளைக்கு மாமனார் வருகிறார்.

மாப்பிள்ளை கரையில் குந்தியபடி, உள்ளங்கையில் துள்ளிய மீனை முறைத்தார். விட்டபோது சுண்டுவிரல் அளவு. இன்றைக்கும் அதே சுண்டுவிரல்தான்.

இந்தக் குட்டையை மாமனார் ஒரு சோதனையாகத்தான் அவரிடம் விட்டிருந்தார். மீன் வளர்ந்தால் பண்ணை முழுக்க மாப்பிள்ளை பொறுப்பு. வளராவிட்டால் பழையபடி மாமனார் மீன்கடையில் ஐஸ் உடைக்க வேண்டும். நினைத்தாலே அவருக்கு விரல் மரத்துப்போனது.

"பாக்க அழகா இருக்குங்க, தங்கம் மாதிரி மின்னுது," என்றாள் மனைவி.

"அழகை வெச்சு நாக்கு வழிக்கறதா? எடை வேணும்டி, எடை!"

மீன் குஞ்சுகளை அவரே போன் போட்டு வரவழைத்திருந்தார். "ஆத்து மீன், கடல் மீன் கதையெல்லாம் வேணாம். சுத்தமான குட்டை மீன், நல்ல வம்சமா அனுப்புங்க," என்று அதட்டலாகவே சொன்னார். "நிச்சயமா குட்டை மீன்தானா சார்?" என்று குஞ்சுப் பண்ணைக்காரர் திரும்பத் திரும்பக் கேட்டதில் அவருக்குக் கோபம்கூட வந்தது.

முதலில் தீனியை இரட்டிப்பாக்கினார். மீன் வளரவில்லை, பாசிதான் வளர்ந்தது. பாசியை விரட்டக் காற்றடிக்கும் மோட்டாரை வாடகைக்கு எடுத்து ஓடவிட்டார். அந்தச் சத்தத்தில் மீன்கள் மிரண்டு ஒரு மூலையில் பதுங்கி, சாப்பாட்டையே மறந்துவிட்டன.

இன்றைக்கு மதியம் மீன்வளம் படித்த மச்சினிச்சி வந்து பார்த்தாள்.

"அத்தான், தீனி பாதிதான். மீதி அதுங்களோட மரபணுல இருக்கு. அப்பன் ஆத்தா சின்னதுன்னா புள்ளையும் சின்னதுதான்."

"சரி, அந்த மரபணுவுக்கு எந்தக் கடைல மருந்து கிடைக்கும்?"

"அதெல்லாம் பொறக்கும்போதே முடிஞ்சு போச்சு அத்தான்."

மாப்பிள்ளைக்கு அழுகையே வந்தது. ஆனால் ஐஸ் பயம் அழுகையைவிடப் பெரியது. சாயங்காலமே பக்கத்துப் பண்ணைக்காரர் காலைப் பிடித்து, கை நீளத்துக்குப் பெரிய மீன்கள் ஒரு கூடை வாங்கிவந்து குட்டைக்குள் கொட்டினார்.

"மாமா கண்ணுக்கு நாலு பெருசு தெரிஞ்சா போதும்," என்று மனைவியிடம் கண்ணடித்தார்.

மறுநாள் மாமனார் வந்ததும் வலையை இழுத்தார்கள். வலை கனத்தது. மாமனார் முகம் மலர்ந்தது, உடனே சுருங்கியது.

"என்ன மாப்ளே, இது கெளுத்தியாச்சே? மீசையெல்லாம் இருக்கு!"

"வயசு வந்துடுச்சில்ல மாமா, மீசை முளைக்காதா?"

"சரி, விட்ட குஞ்செல்லாம் எங்க?"

மாப்பிள்ளை மறுபடியும் வலை வீசினார். பாசி வந்தது. இன்னொரு முறை வீசினார். அறுந்த செருப்பு ஒன்று வந்தது. அவர் மெதுவாகக் கெளுத்திகளைத் திரும்பிப் பார்த்தார். ஒவ்வொன்றின் வயிறும் குடம் போல உப்பியிருந்தது.

"தின்னு தீர்த்துடுச்சா?" மாமனார் பல்லைக் கடித்தார். "போகட்டும். வளராத சனியன், ஒழிஞ்சுது. நாளைலேருந்து கடைக்கு வந்துடுங்க."

மாப்பிள்ளை தலையைத் தொங்கப் போட்டார்.

அப்போது குஞ்சுப் பண்ணையின் வேன் வந்து நின்றது. டிரைவர் காலித் தொட்டியோடு இறங்கி, சுற்றிலும் பார்த்தார்.

"சார், உங்ககிட்ட குடுத்த மீனைத் திருப்பி வாங்கிக்கலாமான்னு முதலாளி கேட்டாரு. இப்ப அதுக்கு ஏகக் கிராக்கி, என்ன விலைன்னாலும் சரியாம்."

"அந்த வளராத மீனையா?" என்றார் மாமனார்.

டிரைவர் சிரித்தார். "குட்டை மீன் வேணும்னு சார்தானே கேட்டாரு? கண்ணாடித் தொட்டில அழகுக்கு வளக்கறதுக்குன்னே, தலைமுறை தலைமுறையா இருக்கறதுலயே குட்டையானதாப் பொறுக்கி உண்டாக்குன வம்சம் சார் அது. அது மட்டும் வளர்ந்திருந்தா, நாங்க திரும்பிக்கூடப் பாத்திருக்க மாட்டோம்!"