சாம்பியன் மண்டபமும் ஒரு அடி காற்றும்

பூப்பந்துச் சாம்பியன்கள் உச்சிக்குப் போனதும் ஏன் சறுக்கி விழுகிறார்கள் என்று உலகத்துப் பெரிய பெரிய பயிற்றுநர்கள் எல்லாம் தலையைப் பிய்த்துக்கொண்டிருக்க, அதற்கான விடையைத் திட்டவட்டமாகக் கண்டுபிடித்த பெருமை பதுளையையே சாரும். கண்டுபிடித்தது எங்கள் 'பூப்பந்து அபிமானிகள் சங்கம்'. அதன் செயலாளர் அடியேன். அலுவலகத்தில் தலைமை எழுதுவினைஞர் வேலையையும் பார்த்துக்கொண்டு இதையும் சுமக்கிறேன் என்றால் என் சேவையை நீங்களே அளந்துகொள்ளுங்கள்.

எங்கள் ஆராய்ச்சிக்கு உதவியவள் ஜெயலெட்சுமி. ஸ்பிரிங்வெளிக்கு மேலே ஒரு தோட்டத்தில் கொழுந்து பறிப்பவள். வேலை முடிந்து கூடையை இறக்கியதும், கைவிடப்பட்ட பழைய தேயிலைத் தொழிற்சாலையில் முன்பு கொழுந்து வாட்டிய மேல்மாடிக்கு ஓடிவிடுவாள். உயரமான கூரை, சாத்திய ஜன்னல்கள், துளிக் காற்று நுழையாத இடம். அங்கே ஒரு வலையைக் கட்டி ஆடி ஆடியே எழுபத்தேழாம் ஆண்டு கொழும்புக்குப் போய் அகில இலங்கைப் பெண்கள் பட்டத்தை வென்றுவிட்டாள். அதுவரை அப்படி ஒருத்தி இருப்பது எங்கள் சங்கத்துக்குத் தெரியாது. இதைக் குறையாகச் சொல்வோரும் இருக்கிறார்கள். சாம்பியன் ஆகாத ஒருத்திமேல் எப்படி ஐயா அபிமானம் வைப்பது?

அடுத்த வருடமும் வென்றால் விளையாட்டு ஆசிரியை வேலை தருவதாக ஒரு பாடசாலையிலிருந்து அவளுக்கு வாக்குக் கிடைத்திருந்தது. கூடையை நிரந்தரமாக இறக்கி வைத்துவிடலாம் என்று அந்தப் பிள்ளை மலைபோல நம்பியிருந்தாள். அந்த நம்பிக்கைக்குக் கைகொடுக்கத்தான் நாங்கள் களத்தில் இறங்கினோம்.

முதல் வேலையாக, தோட்டத்துத் துரையின் சம்மதத்தோடு அந்த மேல்மாடிக்கு 'ஜெயலெட்சுமி சாம்பியன் மண்டபம்' என்று பெயர்ப்பலகை மாட்டினோம். எங்கள் தலைவர், துணிக்கடை நிஸாம் ஹாஜியார், நான்கடி உயரத்தில் அவளுடைய படத்தைக் கண்ணாடிச் சட்டம் போட்டுத் தந்தார். நூற்றிருபது நாற்காலிகளை வரிசையாக அடுக்கினோம். அப்போதுதான் துணைத் தலைவர் டொக்டர் ஸ்ரீஸ்கந்தராஜா, பந்து பட்டால் கண்ணாடி என்னாவது என்ற ஆழமான கேள்வியை எழுப்பினார். சபை திடுக்கிட்டது. 'மண்டபத்தினுள் விளையாடுதல் தடை' என்று ஏகமனதாகத் தீர்மானித்து, அன்றே பூட்டிவிட்டோம்.

மறுநாள் ஜெயலெட்சுமி வந்து நின்றாள்.

"அந்திக்கு ஒரு மணித்தியாலம் தொறந்து விட்டீங்கன்னா போதுங்க. ஆடி முடிச்சுட்டு நானே கூட்டிப் பெருக்கி வச்சிருவேன்" என்றாள்.

ஹாஜியார் உருகிப்போனார். "அது ஒங்கட மண்டபம் மகள். ஒங்கட மண்டபத்த நீங்களே பழுதாக்கலாமா?"

பூட்டை ஒரு தடவை பார்த்துவிட்டுப் படியிறங்கினாள். நியாயம் புரிந்திருக்கும்.

அந்த ஒரு வருடத்தில் பதினொரு பாராட்டு விழாக்கள் நடத்தினோம். பதுளை, பண்டாரவளை, ஒரு சலூன் திறப்பு என்று எதையும் விடவில்லை. விழாவில் அவளுக்கு ஒரு கஷ்டமும் கிடையாது. நன்றியுரை முடியும்வரை மேடையில் உட்கார்ந்திருந்தால் போதும். நான் நாற்பது நிமிடம் பேசுவேன். அவளோ பொன்னாடைக்குள் கையை மறைத்து மணிக்கட்டைச் சுழற்றிக்கொண்டே இருப்பாள். மேடை நாகரிகம் அல்ல என்று கண்டித்தேன். நிறுத்திவிட்டாள்.

விழா இல்லாத நாட்களில், தோட்டத்துத் தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்தின் வாசலில் ஆடினாள். எங்கள் மலைக்காற்று தெரியும்தானே? கூரைத் தகரத்தையே கழற்றிக்கொண்டு போகும். பூப்பந்து எம்மாத்திரம்!

எழுபத்தெட்டில் கொழும்புக்குப் போனாள். நாங்களும் வேன் பிடித்து, மாலை வாங்கிக்கொண்டு போனோம். முதல் சுற்றிலேயே தோற்றுவிட்டாள். அடித்த பந்தெல்லாம் இடப்பக்கக் கோட்டுக்கு ஒரு அடி வெளியே போய் விழுந்தது. எதிரே நின்றவள் மட்டையைத் தூக்கவே வேண்டியிருக்கவில்லை. போடாத மாலையைத் திருப்பிக் கொண்டுவரும் வேதனையை அனுபவித்தவனிடம் கேட்க வேண்டும். ஆசிரியை வேலையும் வேறொருத்திக்குப் போய்விட்டது. திங்கட்கிழமை விடிகாலை ஜெயலெட்சுமி கூடையோடு, வேலைக்குப் பெயர் கூப்பிடும் பெரட்டில் நின்றாள்.

விட்டுவிட முடியுமா? அவளுடைய மண்டபத்தில், அவளுடைய படத்துக்குக் கீழே விசாரணைக் குழு கூடியது. நாங்கள் உட்கார்ந்தோம்; அவள் நின்றாள்.

"தலைக்கனமோ பிள்ளை? மெய்யைச் சொல்லும்" என்று டொக்டர் தொடங்கினார்.

"அதெல்லாம் இல்லைங்க. லயத்து வாசல்ல நான் நின்னு அடிக்கிற பக்கம் காத்து பந்த வலப்பக்கமா தள்ளும். ஒரு அடி எடப்பக்கம் பாத்து அடிச்சாத்தான் கோட்டுக்குள்ள விழும். வருசம் பூரா அடிச்சு கை அப்படியே பழகிருச்சு. கொழும்பு மண்டபத்துல காத்து இல்லைங்க."

நான் உடனே குறித்துக்கொண்டேன்: 'கொழும்பில் காற்றுப் பற்றாக்குறை.' இதுபற்றி உரிய அதிகாரிகளுக்குக் கடிதம் எழுதுவதென முடிவாயிற்று. ஆனால் டொக்டருக்குத் திருப்தி இல்லை. காரணம் மனத்துக்குள் இருக்கிறது, தோண்டி எடுக்க வேண்டும் என்றார்.

சூழ்நிலையை இலேசாக்க, நான் ஒரு நற்செய்தி சொன்னேன். ஹல்துமுல்லையில் காமிலா என்றொரு பிள்ளை, மாமாவின் லொறிக் கொட்டகையில் ஆடிப் பழகியே இந்த வருட மாகாணப் பட்டத்தை வென்றிருக்கிறாள். வரும் வெள்ளிக்கிழமை சங்கம் முழுவதும் அங்கே போகிறது. கொட்டகைக்குப் பெயர்ப்பலகை தயார். முன்னாள் சாம்பியன் என்ற முறையில் நீயும் மேடையில் வந்து உட்காரலாம் என்றேன்.

ஜெயலெட்சுமி முதல் தடவையாக எங்கள் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"வேணாங்க. அந்தப் புள்ளையாவது ஆடட்டும். நீங்க போகாதீங்க."

நாங்கள் மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். டொக்டர் தோண்டச் சொன்னது தானாகவே வெளியே வந்துவிட்டது. அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் எழுதினேன்: 'வீழ்ச்சிக்குக் காரணம் பொறாமை.' ஏகமனதாக நிறைவேறியது.

கிடைத்த தகவலின்படி, ஹல்துமுல்லையில் காமிலா இன்னும் உச்சத்தில்தான் இருக்கிறாள். நாங்கள் போய்ச் சேர வெள்ளிக்கிழமை ஆகும்.