மார்பிள் ஒட்டின சாம்பார் வாளி

ஞாயித்துக்கிழமை நாத்தனார் சாப்பிட வர்றாங்க. அதுக்குள்ள கிச்சனைக் கொஞ்சம் பாக்குற மாதிரி ஆக்கணும். வேலை அவ்வளவுதான்.

நாத்தனார்னா என் வீட்டுக்காரரோட அக்கா. பேரு ராஜேஸ்வரி. குடவாசல் பக்கம் வயலும் வீடுமா இருக்காங்க. நான் அண்ணின்னு கூப்பிடுவேன். நடுவுல மூணு வருஷம் கூப்பிடல, ஏன்னா மூணு வருஷம் பேச்சுவார்த்தையே இல்ல.

காரணம் ஒரு சாம்பார் வாளி.

சிரிக்காதீங்க! ஒரு ஆடிப்பெருக்குக்கு எல்லாரும் காவிரிக்கரையில உக்காந்து சாப்பிட்டோம். அண்ணி அந்த வாளியிலதான் தயிர்சாதம் கொண்டு வந்தாங்க. சாப்பிட்டு முடிச்சதும் நாலு வீட்டுப் பாத்திரத்தையும் ஒண்ணா கழுவி, கைக்குக் கிடைச்ச சாக்குல போட்டுக்கிட்டு பஸ்ஸைப் பிடிக்க ஓடினோம். மறுநாள் அண்ணிகிட்டருந்து போன்.

"தம்பி, என் வாளி உங்க சாக்குலதான் வந்திருக்கு. பாத்து எடுத்து வை."

இவர் பாக்கவே இல்ல. ரோஷம் வந்துடுச்சு.

"என் வீட்டுல உன் வாளி இருந்தா மீசையை எடுத்துடுறேன்க்கா!"

"அப்ப நான் பொய் சொல்றேனா?"

"அப்ப நான் திருடனா?"

அதோட சரி. பொங்கல் சீரைக் கூட வேற ஆள் கையில குடுத்தனுப்புவாரு. குடுத்துட்டு வந்தவர்கிட்ட "அக்கா ஏதாவது கேட்டுச்சா?"ன்னு நாலு தடவை விசாரிப்பாரு. பாக்க எனக்கே பாவமா இருக்கும்.

போன மாசம் ஒரு கல்யாணப் பந்தியில ரெண்டு பேருக்கும் அடுத்தடுத்த இலை. "தம்பி, அந்தத் தண்ணியை இப்படித் தள்ளு"ன்னாங்க அண்ணி. இவர் தள்ளினாரு. சண்டை முடிஞ்சுது! வாளியைப் பத்தி ரெண்டு பேரும் வாயே திறக்கல. வீட்டுக்கு வர்றேன்னு அண்ணி சொன்னதும், தஞ்சாவூர் வந்து சேர்ற வரைக்கும் இவர் வண்டியில பாடிக்கிட்டே வந்தாரு. குரல் சகிக்கல. ஆனா நான் நிறுத்தச் சொல்லல.

அதனாலதான் கிச்சன்.

எங்க கிச்சன் பழைய கடப்பாக்கல் அலமாரி. மைக்கா ஒட்டின மரக்கதவு. மூடினா திறக்காது, திறந்தா மூடாது. மாடுலர் கிச்சன் போடுறவர் ஒருத்தரைக் கூப்பிட்டோம். டேப் வச்சு அளந்தாரு, லேப்டாப்ல படம் காட்டினாரு, கடைசியா தொகையைச் சொன்னாரு. இவர் அந்த மனுஷனுக்குன்னு கொண்டு வந்த தண்ணியைத் தானே குடிச்சுட்டாரு.

"நானே பண்ணிடுறேங்க"ன்னேன்.

"உனக்குத் தெரியுமா?"

"வீடியோ பாத்திருக்கேன்."

வீடியோவுல ஒரு பொண்ணு சொல்லுது: கதவையெல்லாம் கழட்டிடுங்க, பெயின்ட் அடிங்க, பாத்திரத்தை அழகா அடுக்குங்க, ஓப்பன் ஷெல்ஃப் ரெடி. செலவு ரொம்பக் கம்மி. அந்தப் பொண்ணு வீட்டுல மொத்தமே ஏழு பாத்திரம்தான் இருக்குங்கறதை நான் கவனிக்கல.

வியாழக்கிழமை கதவைக் கழட்டினேன். நாலு கதவுக்கும் ஸ்க்ரூ துருப்பிடிச்சுப் போய், கடைசியில ஸ்க்ரூ வரல, கீலோட கதவுதான் பிஞ்சு வந்துச்சு. எதிர்வீட்டுக்காரர் வந்து பாத்துட்டு, "வேண்டாம்னா குடுங்க, மாடியில கோழிக்கூண்டு கட்டணும்"னு தூக்கிட்டுப் போயிட்டாரு. இன்னைக்கு எங்க தெருவுல மைக்கா கதவு போட்ட வீட்டுல குடியிருக்கறது அந்தக் கோழிங்க மட்டும்தான்.

வெள்ளிக்கிழமை பிஸ்தா கலர் பெயின்ட். சுவத்துல பாதி, என் மேல பாதி. மிச்சமிருந்த இடத்துக்கு மார்பிள் டிசைன் ஸ்டிக்கர் ரோல் வாங்கி ஒட்டினேன். ஷெல்ஃபுக்குக் கீழ வரிசையா எல்இடி லைட்டும் ஒட்டினேன். எரிஞ்சுது! எனக்கே என் மேல மரியாதை வந்துடுச்சு.

சனிக்கிழமை காலையில பாத்திரம் அடுக்குற வேலை. வீடியோப் பொண்ணு, கரண்டியெல்லாம் ஒரு அழகான வாளியில நிக்க வைக்கச் சொன்னுச்சு. அழகான வாளிக்கு எங்க போறது? இவர் ஆணி, சுத்தியல், ஸ்க்ரூ டிரைவர் போட்டு வைக்கிற வாளி ஒண்ணு இருந்துச்சு. கிரீஸும் பழைய பெயின்டும் அப்பி, பாக்க வாளி மாதிரியே இருக்காது. அதைக் கொட்டிட்டு, புளி போட்டு, சபீனா போட்டு, கம்பி நார் வச்சுத் தேய்ச்சேன் பாருங்க... கண்ணாடியாட்டம் ஆயிடுச்சு. கரண்டியைச் சொருகி, நடுத்தட்டுல, லைட்டுக்கு நேரா வச்சேன். போட்டோ எடுத்தேன். 'எங்கள் புதிய கிச்சன்'னு எழுதி சொந்தக்காரங்க வாட்ஸ்அப் குரூப்ல போட்டேன்.

பத்து நிமிஷத்துல பாபநாசம் சித்தி பதில் போட்டாங்க.

"லைட்டு ரொம்ப நல்லாருக்கு கலா. எழுத்தெல்லாம் எவ்வளவு தெளிவாத் தெரியுது!"

எந்த எழுத்து?

ஷெல்ஃப் பக்கம் போய்ப் பாத்தேன். வாளி வயித்துல புள்ளி புள்ளியா, பேர் வெட்டியிருக்கு. கு.ராஜேஸ்வரி, குடவாசல்.

"என்னங்க!"ன்னு நான் போட்ட சத்தத்துல இவர் பாதி ஷேவிங்ல ஓடி வந்தாரு. வாளியைப் பாத்தாரு. என்னைப் பாத்தாரு. கையில இருந்த ரேஸரைப் பாத்து, அதை மெதுவா முதுகுக்குப் பின்னாடி மறைச்சுக்கிட்டாரு.

"மூணு வருஷமா நீங்கதானே இதுல ஆணி போட்டு வச்சீங்க?"

"ஆணியை எடுக்கும்போது வாளியை யாரு படிக்கிறா?"

சரி, போட்டோவை அழிச்சுடலாம்னு போனை எடுத்தேன். அழுத்தினேன். போட்டோ போச்சு. அப்பாடான்னு மூச்சு விட்டேன். இவர் தன் போனைக் காட்டினாரு. அவர் போன்ல போட்டோ அப்படியே இருக்கு! நான் 'டெலீட் ஃபார் மீ'யை அழுத்தியிருக்கேன். குரூப்ல இருக்குற அத்தனை பேரும் பாக்கலாம், என்னைத் தவிர. யார் யார் பாத்தாங்கன்னு கூட இனிமே எனக்குத் தெரியாது.

"அட்மின்கிட்ட சொல்லி அழிக்கச் சொல்லலாம்"னேன்.

"அட்மின் யாரு?"

அண்ணியோட வீட்டுக்காரர்.

"அக்காவுக்குப் போன் போட்டு உண்மையைச் சொல்லிடுங்க"ன்னேன்.

"மீசை?"ன்னாரு.

"வாளியை ஒளிச்சுடலாம்."

"போட்டோவுல இருக்குறது நேர்ல இல்லன்னா நாமளே மாட்டிக்குவோம். வாளி இருக்கணும். ஆனா அந்த வாளியா இருக்கக் கூடாது."

இருபத்திரண்டு வருஷக் கல்யாண வாழ்க்கையில அவர் சொன்ன யோசனைகள்ல இதுதான் மோசமானது. நான் ஒத்துக்கிட்டேன், அதை விட மோசம்.

மிச்சமிருந்த மார்பிள் ஸ்டிக்கரை வாளியைச் சுத்தி ஒட்டினேன். ஒரு வாளி மட்டும் மார்பிளா இருந்தா சந்தேகம் வருமேன்னு பக்கத்துல இருந்த டப்பாவுக்கும் ஒட்டினோம். அப்புறம் தூக்கு, அரிசி டப்பா, சம்படம், இட்லிப்பானை. சாயங்காலத்துக்குள்ள எங்க வீட்டுல மார்பிளா இல்லாத சாமான் நாங்க ரெண்டு பேரும் கேஸ் சிலிண்டரும்தான்.

ஞாயித்துக்கிழமை பன்னெண்டு மணிக்கு அண்ணியும் அட்மின் அண்ணனும் வந்துட்டாங்க. ஒரு பை நிறைய முருங்கைக்காய், ஒரு மூட்டை புது அரிசி. அண்ணி நேரா கிச்சனுக்குள்ள வந்தாங்க. சுத்திப் பாத்தாங்க. ரொம்ப நேரம் பாத்தாங்க.

"என்னடி இது, எல்லாம் கல்லுல செஞ்சாப்ல இருக்கு?"

"டிசைன் அண்ணி. இப்ப எல்லாரும் இப்படித்தான்."

"ம்ம்"னாங்க. அந்த 'ம்ம்'ல அவங்க போட்டோவைப் பாத்தாங்களா இல்லையான்னு கண்டுபிடிக்க முடியல.

நாலு இலை போட்டேன். அப்பளம் பொரிக்கத் திரும்பின அந்த ரெண்டு நிமிஷத்துல அண்ணி பின்னாடியிருந்து, "நீ இரு கலா, சாம்பாரை நான் ஊத்துறேன்"னாங்க. திரும்பிப் பாக்குறேன், வாளியில இருந்த கரண்டியெல்லாம் மேடையில கிடக்கு. கொதிக்கக் கொதிக்க முருங்கைக்காய் சாம்பாரை வாளியில சாய்ச்சுக்கிட்டிருக்காங்க!

"அண்ணி, அது வேண்டாம்..."

"ஏன், ஓட்டையா?"

"இல்ல..."

"பின்ன என்ன? கைக்கு அடக்கமா எவ்வளவு நல்லாருக்கு! எங்க வாங்கின?"

"ஆன்லைன்ல"ன்னேன். இந்த வாய் இருக்கே!

அண்ணி வாளியோட ஹாலுக்குப் போனாங்க. முதல்ல தம்பி இலைக்குக் குனிஞ்சாங்க. சூட்டுல பசை இளகி, ஸ்டிக்கர் ஒரு ஓரத்துல உப்புச்சு. இவர் சோத்தைப் பாக்கல, அதையே பாத்துக்கிட்டிருந்தாரு. அண்ணி ஒரு கரண்டி ஊத்தினாங்க. ஓரம் சுருண்டுச்சு. ரெண்டாவது கரண்டி. முழு ஸ்டிக்கரும் தோசை மாதிரி சுருண்டு வந்து இவர் இலையில சொத்துன்னு விழுந்துச்சு.

அண்ணன் எட்டிப் பாத்தாரு. "இது என்ன மாப்ளே, புது மாதிரி அப்பளமா?"

அண்ணி வாளியைத் தூக்கி, கண்ணைச் சுருக்கி, வாய்விட்டுப் படிச்சாங்க. "கு.ராஜேஸ்வரி. குடவாசல்." இன்னொரு தடவை படிச்சாங்க. அப்புறம் வாளியைக் கீழ வச்சாங்க.

போச்சு, இன்னும் முப்பது வருஷத்துக்குப் பேச மாட்டாங்கன்னு நினைச்சேன். இவர் இலையை விட்டு எழுந்துட்டாரு. பாத்ரூம் பக்கம் நடந்தாரு.

"டேய், எங்கடா போற?"

"ரேஸர் எடுக்க."

"உக்காருடா!"ன்னு அண்ணி போட்ட அதட்டுல நானும் சேர்ந்து உக்காந்துட்டேன். "மீசையை எடுத்துட்டா உன் மூஞ்சியை யாரு பாக்குறது? உக்காந்து சாப்பிடு."

"அக்கா, தெரியாமத்தான்க்கா..."

"வாளிக்காகவாடா மூணு வருஷம் பேசல நானு? அடுத்த வாரமே வேற வாளி வாங்கிட்டேன். நீ ஒரு போன் போட்டு 'வாக்கா'ன்னு கூப்பிடுவேன்னு பாத்துக்கிட்டே இருந்தேன். நீ கூப்பிடவே இல்ல." குரல் உடைஞ்சுடுச்சு. முந்தானையால கண்ணைத் தொடைச்சுக்கிட்டாங்க.

இவருக்கும் கண்ணு கலங்கிடுச்சு. சாம்பார் காரம்னு சொன்னாரு. சாம்பார்ல காரமே இல்லன்னு சமைச்ச எனக்குத்தான் தெரியும்.

கொஞ்சம் அடங்கினதும் மெதுவா கேட்டேன். "அப்ப நேத்து குரூப்ல போட்டோ பாத்தப்பவே தெரியுமா அண்ணி?"

"எந்தக் குரூப்பு?"

"நம்ம சொந்தக்காரங்க குரூப்பு."

"அதையா? அதை சண்டை போட்ட அன்னைக்கே மூடி வச்சுட்டேனே. திறந்தே பாக்குறதில்ல."

ஒரு ரோல் ஸ்டிக்கர்! ஒரு நாள் உழைப்பு! வாளியை அப்படியே பரண்ல போட்டிருந்தா யாருக்குமே தெரிஞ்சிருக்காது!

கதை இதோட முடிஞ்சிருக்கலாம். சாப்பிட்டு முடிச்ச அண்ணி, "அப்ப மத்ததுல என்ன ஒளிச்சு வச்சிருக்கீங்க?"ன்னு கிச்சனுக்குள்ள போயிட்டாங்க. ஒவ்வொரு ஸ்டிக்கரா உரிக்க ஆரம்பிச்சாங்க. நான் தடுக்கப் போனேன். அண்ணன், "விடும்மா, அவளுக்கு இன்னைக்குத்தான் சந்தோஷமா இருக்கு"ன்னாரு.

"தூக்கு... பாபநாசம் சித்தி. அடிப்பாவி! சம்படம்... மன்னார்குடி அத்தை. இட்லிப்பானை... இது யாரு, 'செல்வி பூப்புனித நீராட்டு விழா அன்பளிப்பு'? செல்வி யாருடி?"

எனக்கும் தெரியல.

"பெரிய கோயில் கல்வெட்டுல கூட இத்தனை பேர் இருக்காது"ன்னாரு இவர், ஏதோ அவருக்குச் சம்பந்தமே இல்லாத மாதிரி.

அண்ணி மூணு வருஷம் கழிச்சு அந்தக் குரூப்பைத் திறந்தாங்க. முதல் மெசேஜ் குரல் பதிவு. "எல்லாரும் கேட்டுக்கங்க. காணாமப் போன உங்க சாமானெல்லாம் கலா வீட்டுல பத்திரமா இருக்கு. அடையாளம் சொல்லி வாங்கிக்கலாம்."

அந்த வாரம் முழுக்க வாசல்ல ஆள். சித்தி தூக்கை வாங்கினதோட டீயும் குடிச்சுட்டு, லைட்டு போட்டோவை விட நேர்ல கொஞ்சம் மங்கலாத்தான் இருக்குன்னு சொல்லிட்டுப் போனாங்க. இட்லிப்பானை மட்டும் இன்னும் இருக்கு. செல்வி யாருன்னு தெரிஞ்சவங்க யாராவது இருந்தா சொல்லுங்க, ப்ளீஸ்.

இப்ப ஷெல்ஃப் வெறிச்சுன்னு, அந்த வீடியோப் பொண்ணு வீடு மாதிரியே இருக்கு.

அண்ணி தினமும் காலையில தவறாம போன் பண்றாங்க. நலமான்னு கேக்குறதில்ல. எடுத்ததும் ஒரே கேள்விதான்: "இன்னைக்கு யார் வீட்டுப் பாத்திரத்துலடி சமையல்?"