காலடிப்பேட்டை நல்லியெலும்புப் பரணி

வாழ்க லூயிஸ்! முப்பத்திரண்டு ஆண்டுகள் துறைமுகத்துக் கிரேனின் உச்சியில் வீற்றிருந்து, கடல்கடந்து வந்த இரும்புப் பெட்டகங்களைப் பச்சைப்பிள்ளையைத் தொட்டிலில் இடுவதுபோல் தரையிறக்கிய கைவல்லோனே, ராயபுரத்துப் புயலே, மனைவி சாராவின் முன் மட்டும் தென்றலே, வாழ்க!

தவக்காலத்து நாற்பது நாளும் ஆட்டிறைச்சியைக் கனவிலும் தீண்டாது, கருவாட்டோடும் கத்தரிக்காயோடும் காலம் கழித்த அம்மாவீரன், ஈஸ்டர் நண்பகலில், தன் மகள் ஷைனி சனவரியில் வாழ்க்கைப்பட்ட காலடிப்பேட்டை வீட்டின் மாடிப்படியை, சாரா பின்தொடர, ஏறினான். கஞ்சி மொடமொடக்கும் வெள்ளைச் சட்டை, கல்யாணத்துக்கு வாங்கிய கைக்கடிகாரம், அளந்து வைத்த அரைப்புன்னகை ஆகியவை சம்பந்தி வேடத்தின் அணிகலன்கள். அவ்வேடம் பூண்டவனுக்குப் பசிக்கக் கூடாது. பசித்தாலும் பார்வையில் தெரியக் கூடாது.

ஆனால் அந்தோ, பந்தி நடுவே வைத்த சட்டியில், செங்குழம்புக் கடல் கிழித்து, எண்ணூர்ப் பக்கம் நங்கூரமிட்ட கப்பலின் புகைபோக்கிபோல், உள்ளே மஜ்ஜை ததும்ப, ஒரே ஒரு நல்லியெலும்பு எழுந்து நின்றது!

கண்டான் லூயிஸ். கண்டும் காணாதவன்போல் வெங்காயப் பச்சடியைப் புகழ்ந்தான். சாத்தாங்காட்டு இரும்புச் சந்தைக்குப் போனவன், விலை ஏறிவிடாதிருக்க, தனக்கு வேண்டிய தகட்டை விட்டுவிட்டுப் பக்கத்துத் தகட்டைத் தட்டிப் பார்ப்பானே, அதுவே பந்தியின் நீதியும். முதல் உபசாரத்துக்கு மறுப்பு, இரண்டாவதற்கு வன்மறுப்பு, மூன்றாவதற்கு, தூக்குமேடை ஏறுபவன் முகத்தோடு, ‘இவ்ளோ சொல்றீங்க’ என்று தட்டை நீட்டல். மூன்று முறை கேளாமல் எதுவும் வாங்கியவன் ராயபுரத்தில் பிறந்தவனே அல்லன்.

எதிரே கரண்டி ஏந்தி நின்றாள் ஷைனியின் மாமியார் ஃப்ளோரா, கொடைவள்ளல் வேடத்தில். அவள் கணவர் ஆசீர்வாதமோ, நல்லியா, அது எந்த ஊர் என்னும் வேடத்தில், மின்விசிறியின் இறக்கைகளை எண்ணிக்கொண்டிருந்தார். மூன்று இறக்கையை ஒரு மனிதர் எவ்வளவு நேரம் எண்ணுவார்?

கரண்டி எழுந்தது. “இன்னா சம்பந்தி, கோழி மாரி கொத்திகினு கீறீங்க? இந்த நல்லிய வெச்சிக்கோங்க!” என்று முழங்கினாள் ஃப்ளோரா.

“அய்யோ, வேணாம் சம்பந்தியம்மா, வயிறு ரொம்பிட்ச்சி!” என்று அறைகூவி, தன் வலக்கையைத் தட்டின்மேல் கேடயமாகக் கவிழ்த்தான் வீரன், விரலிடுக்கில் ஒரு நல்லி நுழையும் அளவுக்கு வழிவிட்டே கவிழ்த்தான்.

“மூஞ்ச பாத்தா வேணுன்ற மாரி கீதே!” என்று இரண்டாம் கணை தொடுத்தாள் அவள்.

பாய்ந்தது கணை. நடிகனுக்கு நடிப்பில் குறை சொன்னால் பொறுப்பானா? காயம்பட்ட வேங்கையெனச் சிலிர்த்த லூயிஸ், ஒத்திகையில் இல்லாத வசனத்தை ஓங்கி உரைத்தான்: “கொலஸ்ட்ராலு சம்பந்தியம்மா! மட்டனே தொடக்கூடாதுன்ட்டாரு டாக்டரு!”

அவன் தட்டோரம் கிடந்த ஏழு எலும்புகளும் வெட்கித் தலைகுனிந்தன.

“மாதாவே! இத மொதல்லயே சொல்றதில்ல?” என்று பதறினாள் ஃப்ளோரா. மூன்றாம் உபசாரம் பிறக்கவில்லை. முப்பத்திரண்டு ஆண்டு கிரேன் ஓட்டியவனின் கண்ணெதிரே, தூக்கிய சரக்கு நடுவானில் திசைதிரும்பி, ஆசீர்வாதத்தின் தட்டில் இறங்கிற்று. “எனுக்கு எதுக்கு...” என்று பாதி மறுப்பு மறுத்து, மீதியை மறந்து, எலும்பை வாயில் வைத்து உறிஞ்சினார் அவர். எதிரிப்படையின் வெற்றிச்சங்கு தெருமுனைவரை கேட்டது.

இன்னும் ஒரு கோட்டை எஞ்சியிருந்தது. ‘அவரு சும்மா சொல்றாரு’ என்று ஒரு சொல் உதிர்த்தால் போதும். மானம் போனாலும் சட்டியடியில் கிடக்கும் நாலு துண்டாவது மீளும். வெள்ளத்தில் தலைமட்டும் தெரிபவன்போல் சாராவை நோக்கினான் லூயிஸ்.

எந்த டாக்டரும் எதுவும் சொல்லவில்லை என்பதை உலகில் அவனையன்றி அறிந்தவள் அவள் ஒருத்தியே. இருபத்தெட்டு ஆண்டுகள், ஞாயிறுதோறும், ‘எனுக்கு நல்லி புடிக்காது, நீ துன்னு’ என்று தன் பங்கையும் அவன் தட்டில் இட்டவளும் அவளே. முந்தானையால் கண்ணோரம் ஒற்றி, குரலில் ஒரு சிட்டிகை நடுக்கம் சேர்த்து, அரங்கு அதிரச் செப்பினாள் அந்தப் பேரரசி:

“நான் சொன்னா எங்க கேக்குறாரு சம்பந்தி? ஷைனி, நீயாச்சும் உங்கப்பாவுக்கு புத்தி சொல்லுடி!”

“இன்னாப்பா இது, சின்னப்புள்ள மாரி?” என்று தழுதழுத்த ஷைனி, தந்தையின் முன்னிருந்த தட்டை அகற்றி, மோர்ச்சோற்றுக் கிண்ணத்தை நாட்டினாள். களம் அடங்கிற்று, காகங்கள் கரைந்தன, வெண்சட்டை வேந்தன், அரைப்புன்னகை குலையாமல், ஊறுகாயைத் தொட்டான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வீட்டில் மட்டன் எடுத்தார்கள். நல்லியை சாரா சாப்பிட்டாள், லூயிசுக்குச் சுரைக்காய்.